பொங்கல் லீவுக்குப் பின் மெடிக்கல்

நெய்வேலியிலிருந்து குறிஞ்சிப்பாடி போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் சுரங்கத்துக் கான்ட்ராக்ட் ஆட்கள் இருவர்.

"பொங்கலுக்கு எவன் லீவு கேட்டான்?" என்றார் மெலிந்தவர்.

"ஏன் மச்சான்?"

"லீவு முடிஞ்சதும் பர்மனென்ட்டுக்கு மெடிக்கல் டெஸ்ட்டு. போன தடவையே எடை பத்தலன்னு தள்ளிட்டாங்க. கேன்டீன் சோத்துல இப்பத்தான் தேறிக்கினு வரேன்."

"வூட்டுலயும் நல்லா துன்னு. காலையில தண்டால் எடு, நெஞ்சு விரியும்."

"தண்டால் எடுத்தா பசிக்குமே. புள்ளைங்க என் தட்டையே பாத்துக்கினு இருக்கும்போது எப்புடி எறங்கும்?"

பஸ் வடலூரைத் தாண்டியது. மற்றவர், மெலிந்தவரின் மடியிலிருந்த எண்ணெய் கசிந்த பொட்டலத்தைக் காட்டினார்.

"அந்தக் கேன்டீன் வடையையாவது இப்பவே துன்னுடு."

மெலிந்தவர் அதைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"இத துன்னுட்டா, எங்க வூட்டுல பொங்கல் ஏது மச்சான்?"