பள்ளிமுனையில் ஒரு ஹீற்றர்

அடம்பனிலிருந்து மன்னாருக்கு மத்தியான பஸ். எனக்கு முன்னால் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"எங்கட தொட்டி மீன் குளிரில செத்துப்போகுமெண்டு அண்ணா கனடாவில இருந்து ஹீற்றர் அனுப்பினவர், அக்கா."

சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்தினாள்.

"பள்ளிமுனையில குளிரோ?"

"அவர் போய்க் கனகாலம். ஞாயிறு பூசை முடிய வீடியோவில வந்து, தொட்டியில ஹீற்றர்ச் சிவப்பு லைற் எரியுதோ எண்டு பாப்பார். இஞ்சத்தை வெக்கைக்கு ஹீற்றரை முழுசாத் திருப்பினாத்தான் லைற் எரியும். அவற்ற மனம் நோகக்கூடாதெண்டு அந்த நேரம் மட்டும் போடுறனாங்கள்."

"மீன் பாவம்."

"மேல வந்து வாயைப் பிளக்கும். போன ஞாயிறு என்ர மனுசன் பாத்துக்கொண்டு நிக்கேலாமல், கடலுக்குக் கொண்டுபோற பெட்டியில இருந்து ஐஸ் கட்டியை அள்ளித் தொட்டிக்குள்ள போட்டிட்டார்."

"மீனுக்கு ஐஸ் போட்டுப் பழகின கைதானே."

"கொதிச்சுக்கொண்டிருந்த ஹீற்றர்க் கண்ணாடி டக்கெண்டு வெடிச்சுது. இவர் மீனை எடுக்கத் தண்ணிக்குள்ள கையை விடப் போனார். தண்ணியில கரண்ட் இருக்கு, தொடாதேங்கோ எண்டு ஓடிப்போய்ப் பிளக்கைக் கழட்டினன். மனுசனும் தப்பிச்சுது, மீனும் தப்பிச்சுது."

"அண்ணர் பாத்துக்கொண்டோ இருந்தவர்?"

"ஓம். தொட்டியில ஐஸ் மிதக்கிறதைக் கண்டிட்டு, இப்ப அங்கயும் அவ்வளவு குளிரோ எண்டு கேட்டவர். இன்னும் பெரிய ஹீற்றர் ஒண்டு அனுப்புறாராம்."