ஆழப் பாதியின் பூச்சு

ஐயா, நீச்சல் குளத்தின் தரையை யாரும் கையால் தொட்டுப் பார்ப்பதில்லை. கால்தான் தீர்ப்புச் சொல்லும். கண்ணுக்குப் பளிங்கு மாதிரி இருக்கும் தரை உள்ளங்காலுக்கு உப்புத்தாளாக இருக்கலாம். எங்கள் தொழிலில் கஷ்டமே அதுதான்.

பல் டாக்டரம்மா வீட்டுக் குளம் அப்படித்தான் இருந்தது. பழைய பூச்சு தேய்ந்து, குளித்துவிட்டு ஏறிவரும் பிள்ளைகளின் கால்விரல்களில் ரத்தம் கசிந்ததாம். தண்ணீரை வடித்து, பழையதைக் கொத்தியெடுத்து, பொடிக்கல் கலந்த புதுப் பூச்சுப் பூச நானும் என் தங்கை வீட்டுக்காரரும் போனோம். ஆழம் குறைந்த பாதி எனக்கு, ஆழப் பாதி மாப்பிள்ளைக்கு. அவர் என்னிடம் தொழில் கற்றவர் இல்லை. தரைக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு சேர்ந்துகொண்டார். நல்ல கை. அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

ஏன் செய்தாய் என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். என் தங்கைக்காகத்தான். வேலை தொடங்குவதற்கு முந்தின வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தண்ணீர் டம்ளரை நீட்டியபோது கையைப் பார்த்தேன். இரண்டு மணிக்கட்டும் செக்கச்செவேலென்று, தோல் உரிந்து கிடந்தது. என்ன இது என்று கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கல்யாணமான பெண் ஒண்ணுமில்லை என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அப்பா போன பிறகு அவளுக்கு எல்லாமே நான்தான்.

பூசி முடித்த மறுநாள் காலை, ஆசிட் விட்டுக் கழுவுவதற்கு முன்னால், டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் குளத்துக்குள் இறங்கினார். என் பாதியில் நடந்தார். சரிவில் இறங்கி ஆழப் பாதியில் நின்று, காலை இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தார்.

"இது யார் பூசினது?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "ரெண்டு பேரும் சேந்துதாம்மா."

டாக்டரம்மா நம்பவில்லை, சிரித்தார். தன் அக்கா வீட்டுக் குளத்துக்கு நீங்களே வந்துவிடுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். என்னிடமும் மரியாதையாகத்தான் பேசினார். ஆழம் குறைந்த பாதியைக் கொஞ்சம் தேய்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். பொறாமை என்று நினைக்கிறீர்கள், உங்கள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். மாப்பிள்ளை எனக்காகப் பரிந்து பொய் சொன்னதுதான் கொஞ்சம் உறுத்தியது.

பொடிக்கல் பளிச்சென்று தெரிய வேண்டுமானால் பூச்சின் மேல் படிந்த சிமெண்ட் பாலை ஆசிட் விட்டுக் கழுவியாக வேண்டும். ஒருவர் கீழே பிரஷ் போடுவார். இன்னொருவர் மேலே நின்று ஆசிட் ஊற்றுவார், தண்ணீர் விடுவார், புகையை வெளியே தள்ளும் காற்றாடியைப் பார்த்துக்கொள்வார். ஆசிட் புகை கனமானது, பள்ளத்தில்தான் படுக்கும். அந்தக் குளத்துக்கு மூன்று பக்கமும் சுவர், மேலே கூரை, நாலாவது பக்கம் மட்டும் புல்வெளி. கீழே நிற்பவன் உயிர் மேலே நிற்பவன் கையில். வழக்கமாக ஆழத்தில் நான்தான் இறங்குவேன். உங்க பாதிய நீங்களே கழுவுங்க மாப்ள என்றேன். சந்தோஷமாக இறங்கினார்.

முகமூடியின் வடிகட்டியை மாற்றுவது என் பொறுப்பு. மாற்றவில்லை. ஆசிட்டைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினேன். பிறகு காற்றாடியின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"மச்சான், காத்தாடி நின்னுடுச்சு பாருங்க."

"பாக்குறேன் மாப்ள."

அடுத்த முறை ஏணி என்று மட்டும் சொன்னார். ஏணியை அதற்குள் மேலே இழுத்துப் புல்லில் போட்டிருந்தேன். இருமிக்கொண்டே சரிவில் ஏறப் பார்த்தார். ஈரத்தில் கால் நிற்கவில்லை. அவ்வளவு வழவழப்பாகப் பூசியிருந்தார்.

சத்தம் அடங்கியதும் குழாயைத் திறந்து தரையைக் கழுவினேன். ஆசிட் தேங்கினால் பூச்சை அரித்துவிடும். யார் பூசினால் என்ன, வேலை வேலைதான். அதற்குப் பிறகுதான் ஆளைக் கூப்பிட்டேன்.

விபத்து என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். ஏணி எதற்குப் புல்லில் கிடந்தது என்று டாக்டரம்மா மட்டும் உங்களிடம் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்த பிறகு நானும் தங்கையும் மட்டும் இருந்தோம். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், ஆணியில் மாட்டியிருந்த அவருடைய வேலைச் சட்டையை எடுத்து மடிக்கப் போனேன். தங்கை ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"வெறுங்கையால தொடாதீங்கண்ணே. போன தடவை நான் தெரியாம ஊறவச்சுக் கசக்கிட்டேன், சட்டை பூரா ஆசிட். கை ரெண்டும் வெந்துபோச்சு. ஆறுற வரைக்கும் அவருதான் மருந்து போட்டுவிட்டாரு. உங்ககிட்ட சொன்னா அவரத் திட்டுவீங்கன்னுதான் சொல்லல."

நான் சட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். தட்டிக்கொடுத்தேன்.

என் கைகளைப் பாருங்கள் ஐயா. இரண்டு மணிக்கட்டிலும் அதே சிவப்பு, அதே உரிந்த தோல். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து என்னோடு இருப்பது. இதே கையை வைத்துக்கொண்டு, அவளுடையதும் ஆசிட் பட்ட புண் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அன்றைக்கு அவள் டம்ளரை நீட்டியபோதே தெரியும்.

இருந்தாலும் தங்கைக்காகத்தான் செய்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். வேறு காரணம் என்றால் அவள் தாங்கமாட்டாள்.