வெண்ணெய் உருகும் வரி

இரவு இரண்டு மணி இருக்கும். அமலாபுரத்துப் பக்கம், கால்வாய்க் கரை. ஒரு புறம் தண்ணீர், மறுபுறம் தென்னந்தோப்பு, நடுவே ஒரு சைக்கிள் போகும் அளவுக்கு மண் பாதை... அந்தப் பாதையில் வீர்ராஜு தனியாக வந்துகொண்டிருந்தார்.

கரண்ட் வரும்வரை சொல்கிறேன். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நெருங்கி உட்காருங்கள். பெட்ரோமாக்ஸை மணமேடைப் பக்கம் கொண்டுபோகட்டும், நமக்கு இந்த வெளிச்சம் போதும். தாழம்பூ வாசனை வருகிறது என்று யாரோ சொன்னீர்கள். அதைக் கடைசியில் பேசுவோம்.

இது நம் திரிநாத்தின் மாமாவுக்கு நடந்தது. திரிநாத் வாயைத் திறந்தால் பொய், எனக்கும் தெரியும். ஆனால் இதைச் சொன்னபோது அவன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

மாமா வீர்ராஜுவுக்கு மைக் செட் தொழில். கல்யாணம், ராமநவமிப் பந்தல், எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி ரெக்கார்டு போடுவார். பெட்டி நிறைய ரெக்கார்டு இருந்தாலும் அவருக்கு உயிர் ஒரே ஒரு படத்துப் பாட்டுகள்தான். பழைய கறுப்பு வெள்ளைத் தெலுங்குக் காதல் படம். பெயர் எதற்கு, உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எந்த இடத்தில் புல்லாங்குழல் நுழையும், எங்கே வயலின்கள் ஒதுங்கி வழிவிடும், பாடகி எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சை இழுத்துக்கொள்வாள்... கேட்டால் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அதில் கடைசியாக ஒரு ஜோடிப் பாட்டு. காதலன் இந்தக் கரையில் நின்று ஒரு வரி பாடுவான். காதலி அந்தக் கரையிலிருந்து பதில் சொல்லுவாள். 'வென்னெல கரிகிந்தி, ராவா?' நிலவு உருகிவிட்டது, வரமாட்டாயா என்று அர்த்தம். அந்த வரி வந்தாலே மாமாவுக்குக் கண் கலங்கிவிடும்.

அவர் மனைவி நூகரத்னத்துக்கும் அந்தப் பாட்டுதான் பிடிக்கும். பாடத்தான் வராது. காலையில் மாமா கொல்லையில் முகம் மழித்துக்கொண்டே ஆண் வரியைப் பாடுவார். உள்ளே தயிர் கடைந்துகொண்டிருக்கும் அத்தை கணீரென்று எடுத்துவிடுவாள்: 'வென்ன கரிகிந்தி, ராவா?' ஓர் எழுத்துதான் குறைந்தது, நிலவு போய் வெண்ணெய் வந்துவிட்டது. எழுத்து குறைந்ததால் தாளத்துக்கு அரை அடி முன்னாலேயே போய் நிற்பாள். சுருதியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"அது நிலவுடி, நிலவு! எத்தன தடவ சொல்றது?"

"நிலவு எங்கங்க உருகுது? வெண்ணெதான் உருகும். எழுதினவரு வீட்டுல எருமை இருந்திருக்காது."

"தெரியலன்னா பாடாம இரேன்."

"நீங்க ஒரு வரியப் பாடிட்டு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறீங்க. பதில் சொல்ல ஒரு ஆள் வேணாமா?"

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். நல்ல மனுஷி.

அந்த வருஷம் உறவில் ஒரு கல்யாணம். மாமாதான் மைக் செட். அத்தையும் வந்து ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பாட்டு ஓடியது. மைக் அணைக்காமல் இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. வழக்கம்போல வாய் முணுமுணுத்தது... பந்தல் முழுக்க, தெருக்கோடிக் குழாய் வரைக்கும், வெண்ணெய் உருகியது.

பந்தி வரிசையிலிருந்து மாமாவுக்கு மைத்துனன் முறையில் ஒருத்தன் கத்தினான்: "பாவா! வெண்ணெயோட கொஞ்சம் ஆவக்காயும் பரிமாறச் சொல்லுங்க!"

கல்யாண வீடே குலுங்கிச் சிரித்தது. அத்தையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"இனிமே உன் வாயில அந்தப் பாட்டு வரக் கூடாது. வந்துச்சு... மனுஷனா இருக்க மாட்டேன்."

எல்லார் முன்னாலும் சொன்னார். அத்தையின் சிரிப்பு அப்படியே நின்றது. அன்றோடு பாட்டையும் விட்டாள். மாமா காலையில் ஆண் வரியைப் பாடுவார்... உள்ளே மத்து சுழலும் சத்தம் மட்டும் கேட்கும். அது தனக்கு நிம்மதி என்று நினைத்துக்கொண்டார். பாவி மனுஷன்.

இப்போது அந்த இரண்டு மணிக்கு வருவோம். வேறொரு கல்யாணத்தில் முகூர்த்தம் முடிந்து, ரெக்கார்டு பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு மாமா வருகிறார். வழியில் பழைய மதகு ஒன்று உண்டு. பாசி பிடித்த மரக் கதவு, இடுக்கில் தண்ணீர் பீய்ச்சும் சளசளப்பு... கரையெல்லாம் தாழம்புதர். அங்கே இறங்கி பீடி பற்றவைத்தார். நல்ல நிலவு. தொண்டை தானாகத் திறந்தது. ஆண் வரியை முழுக் குரலில் பாடினார். பாடிவிட்டு, பழக்கதோஷம், பெண் வரிக்காக நிறுத்தினார்.

பிறகு பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "இதுக்குச் சரியா பதில் பாடுற ஒருத்தி எனக்கு வாய்க்கலையே..."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

மதகு அடைபடவில்லை. இடுக்கில் நீர் பீய்ச்சுவது கண்ணுக்குத் தெரிகிறது... சத்தம் மட்டும் இல்லை. அந்த அமைதிக்குள் ஒரு மூச்சு. பாடகி இழுத்துக்கொள்வாளே, அதே மூச்சு. அப்புறம் எதிர்க்கரையிலிருந்து அந்த வரி. 'வென்னெல கரிகிந்தி... ராவா?' ஓர் இம்மி பிசகவில்லை. கூடவே தாழம்பூ வாசனை, மூக்கை அடைக்கும் அளவுக்கு.

பயந்தாரா என்று கேட்பீர்கள். பயந்தார்தான். ஆனால் அந்தச் சுருதி அவரைக் கட்டிப்போட்டது. மறுபடி பாடினார். மறுபடி பதில் வந்தது. அன்றைக்கு வீடு சேரும்போது விடிந்திருந்தது.

அதன் பிறகு கல்யாணம் இல்லாத நாளிலும் கரைக்குப் போக ஆரம்பித்தார். ஊர் சும்மா இருக்குமா? எருமைப்பால் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி அத்தையிடம் வத்தி வைத்தாள்.

"உங்க வீட்டுக்காரரு மதகுகிட்ட எவளோடயோ ஜோடிப் பாட்டு பாடுறாராம் அக்கா. நல்ல குரலாம், அவளுக்கு."

அன்று ராத்திரி மாமா கிளம்பிப் போனதும் அத்தை லாந்தரை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள்.

மதகில் அன்றைக்கு ஒரு வித்தியாசம். மாமா தன் வரியைப் பாடி முடித்தார். பதில் எதிர்க்கரையிலிருந்து வரவில்லை... அவர் காதுக்குப் பக்கத்தில் வந்தது. ஈரமான மூச்சு கழுத்தில் பட்டது. மாமாவுக்கு அப்போதுதான் உயிர் மேல் ஆசை வந்தது. சைக்கிளைத் திருப்பி ஏறி மிதித்தார். நாலு மிதி போயிருக்கும்... கேரியர் கிறீச்சென்று அழுந்தியது. அன்று பெட்டி கொண்டுவரவில்லை. பின் சக்கரம் மண்ணில் புதைந்தது. ஆள் உட்கார்ந்தால் எப்படியோ, அப்படி.

திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கிக்கொண்டு மிதித்தார். வழியில் எதிரே ஒரு லாந்தர் வெளிச்சம் வந்தது, இமைக்குள் சிவப்பாகத் தெரிந்தது. "ஏங்க..." என்று ஒரு குரல். அது அத்தை குரல்தான். தெரிந்தும் அவர் நிற்கவில்லை. நின்றால் பின்னால் இருப்பது இறங்கிவிடுமோ என்ற பயம்... அந்த வெளிச்சத்தைத் தாண்டிய கையோடு கேரியர் சட்டென்று லேசானது.

வீட்டு வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. அத்தை நின்றிருந்தாள்.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் கனவு, கரையில் கூப்பிட்டது வேறு யாரோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. தூங்கிப்போனார்.

காலையில் மத்து சத்தம் கேட்டு எழுந்தார். மனது லேசாகி, முகம் மழித்துக்கொண்டே ஆண் வரியைப் பாடினார். பாடிவிட்டு, "இன்னிக்கு நீயும் பாடேன்" என்று உள்ளே குரல் கொடுத்தார், தான் போட்ட தடையை அவரே எடுத்துவிட்ட மாதிரி. அவள் புரிந்துகொண்டு வெண்ணெயை உருக்கட்டும், சிரிக்கலாம் என்றுதான்.

மத்து நின்றது. உள்ளே ஒரு மூச்சு... 'வென்னெல கரிகிந்தி, ராவா?'

சுத்தமான சுருதி. சுத்தமான நிலவு. அவர் கன்னத்தில் கத்தி கீறி ரத்தம் வழிந்தது, அது அவருக்குத் தெரியவில்லை.

அப்போது படகுக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் கண்ணாடி உடைந்த லாந்தர். "மதகுக் கதவுல மாட்டிக்கிட்டு இருந்துச்சு, வீர்ராஜு. உங்க வீட்டுதுதானே?"

உள்ளே எட்டிப் பார்த்தார் மாமா. நூகரத்னம் வெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தாள். அதே முகம், அதே புடவை. எருமை மட்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவில் ஓடியிருந்தது. வீடெல்லாம் தாழம்பூ வாசனை.

அன்று ராத்திரி அவள் தூங்கியதும் மதகுக்கு ஓடினார். எந்தக் குரலுக்குத் தவம் கிடந்தாரோ அது வீட்டில் இருக்கிறது. இப்போது அவருக்கு வேண்டியது வேறு. நடுங்கி நடுங்கி ஆண் வரியைப் பாடினார்... நிறுத்தினார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அடியில் எங்கிருந்தோ, கதவுக்கும் சேற்றுக்கும் நடுவிலிருந்து, மெலிசாக, தாளத்துக்கு அரை அடி முன்னாலேயே வந்து நின்றது ஒரு குரல்.

'வென்ன கரிகிந்தி... ராவா?'

வெண்ணெய் உருகிவிட்டது. வரமாட்டீர்களா?

மாமா தண்ணீரில் குதித்தார். விடியும்வரை சேற்றைத் துழாவினார். கையில் பாசிதான் வந்தது. இன்றைக்கும் போகிறார், பாடுகிறார், குதிக்கிறார் என்கிறான் திரிநாத். அவள் அவரை ஒன்றும் கேட்பதில்லையாம். ஈர வேட்டியை வாங்கிப் பிழிந்து காயப்போடுவாளாம், பாடிக்கொண்டே.

சரி, தாழம்பூ. சாயங்காலம் இந்தப் பந்தலில் குழாய் கட்டியது யார்? ஒல்லியாக, யாரோடும் பேசாமல் ஒருவர்... அவர் மனைவி மைக்கில் பாடினாள். நீங்கள் எல்லாரும் கைதட்டி, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்தினீர்கள். நானும்தான் கத்தினேன், அப்போது எனக்குத் தெரியாது. கரண்ட் போன பிறகுதான் திரிநாத் சொன்னான்.

நீங்கள் கைதட்டும்போது அவரைக் கவனித்தீர்களா? அவர் மேடையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, பந்தலுக்குப் பின்னால் இருட்டில் காது கொடுத்து நின்றிருந்தார்.

அங்கே ஓடுவதும் அதே கால்வாய்தான்.