எனக்கு முந்தின ஆள்

இந்த விசாரணை ஆபீசுக்கு நேர் பஸ் கிடையாது, ஐயா. கடைத்தெருவில் இறங்கி, ஆற்றுப் பாலம் தாண்டி, பங்குனி வெயிலில் நடந்துதான் வரவேண்டும். சாட்சி சொல்ல வருகிறவர்களில் பாதிப் பேர் வழியிலேயே மனசு மாறித் திரும்பட்டும் என்று வெள்ளைக்காரன் பார்த்துக் கட்டிய இடமோ என்னவோ. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் மலர்கொடி விட்டிருக்க மாட்டாள்.

வெளியே பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். போலீஸ் காவலில் செத்துப்போன உத்திராபதியின் மனைவி. நான் அவள் கூட்டி வந்த சாட்சி. பெயர் துரைராசு. மயில் பஸ் கம்பெனியில் கண்டக்டர். பி.ஏ. வரலாறு, படித்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். தேறியது என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

உத்திராபதி அறுவடைக் கலவரத்தில் இல்லை என்று நான் சொல்ல வேண்டும். சொல்கிறேன். அவர் இல்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேட்டால் முழுவதையும் சொல்ல வேண்டிவரும். அதனால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் வேலை மிச்சம்.

நானும் அவரும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். அன்று விடியும் முன்பே அவர் டிப்போ வாசலில் வந்து நின்றுவிட்டார். நான் காபி கிளப்புக்குப் போனேன். காபி நன்றாக இருந்தது, இன்னொன்று குடித்தேன். அந்த இன்னொரு காபியால் அவர் எனக்கு முந்தின ஆளானார்.

அப்பாவுக்கு இது கடைசிவரை செரிக்கவில்லை. "ஒன்ன காலேஜுக்கு அனுப்பிச்சது அந்தத் தெரு ஆளுக்குப் பின்னால நிக்கவாடா?" என்று சோற்றில் கை வைத்தபடி கேட்டார். "பஸ்ஸுன்னா எல்லாரும் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர்தாம்பா நிக்கணும்" என்றேன். அம்மா சிரித்தாள். அப்பா இலையை மூடிவிட்டு எழுந்துபோனார்.

எனக்கு அந்த வேறுபாடெல்லாம் கிடையாது. கல்லூரியில் சாதி ஒழிப்புப் பேச்சுப் போட்டியில் சுழற்கோப்பை வாங்கியவன் நான். 'கொசுக்கடி' என்று ஒரு சுவர்ப் பத்திரிகையும் நடத்தினேன். ஏரில் தங்களுக்கு முன்னால் காளைகளைப் பூட்டுவதை எதிர்த்து எருமைகள் சங்கம் அமைத்து மனுக் கொடுப்பதாக அதில் எழுதினேன். பிரின்சிபாலே சிரித்தார். டிப்போவில் எல்லோரும் உத்திராபதியை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் தோழர் என்பேன். அண்ணனை விடத் தோழர் உயர்ந்த சொல் இல்லையா?

பிறகு டீசல் பஞ்சம் வந்தது. கம்பெனி பாதி வண்டிகளை ஷெட்டில் நிறுத்தி, கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் வெளியே அனுப்பியது. நாங்கள் இருவரும் போனோம். சங்கம் சண்டை போட்டு ஓர் ஒப்பந்தம் வாங்கியது. வண்டி திரும்ப ஓடும்போது சீனியாரிட்டிப்படிதான் கூப்பிட வேண்டும். தன் முறையை மனசார விட்டுக்கொடுப்பவனுக்கு இடம் போகாது, அடுத்த தடவை அவன்தான் முன்னால். போலீஸ் கேசில் சிக்கினால் மட்டும் இடம் போய்விடும். அது கம்பெனி சேர்த்த வரி. எப்படியாவது முடித்தால் போதும் என்று சங்கம் ஒப்புக்கொண்டது.

தபாலில் கூப்பிட்டால் தபால் தொலைந்துபோகும் என்பதால் எங்கள் செயலாளர் கலியபெருமாள் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். ஒருவரைக் கூப்பிட அவருக்கு அடுத்த ஆள்தான் போகவேண்டும். அவர் வராவிட்டால் யாருக்கு லாபமோ, அவன் வாயாலேயே 'வாங்க' என்று சொல்லவேண்டும். மறுநாள் காலை டிப்போ வாசலில் கூட நின்று அவனே ஏற்றிவிடவும் வேண்டும். "தோழமைன்னா இதுதான்யா" என்று மேசையைத் தட்டுவார். அந்த மேசைக்கு ஒரு கால் ஆட்டம்.

தை மாதக் கடைசியில் ஒரு வண்டிக்கு ஆள் தேவைப்பட்டது. உத்திராபதியின் முறை. கலியபெருமாள் என்னைக் கூப்பிட்டு, "போய்ட்டு வாய்யா, நாளைக்கு மொத டிரிப்பு" என்றார்.

நன்னிலம் ரோட்டில் இறங்கி வரப்பு வழியாக நடந்தேன். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. பண்ணையார் அறுப்புக்கு லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கியிருந்தார். உள்ளூர்க்காரர்களுக்கே முதல் அறுப்பு என்று பேசி முடித்திருந்ததால், தெருவே திரண்டு மறிக்கப் போயிருந்தது. உத்திராபதியும் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் துண்டை அவிழ்த்துவிட்டார்.

"வாங்க தம்பி, வாங்க. இந்த வெயில்லயா வந்தீங்க? ஏ மலரு, தண்ணி கொண்டா."

மலர்கொடி ஒரு செம்பில் கொண்டுவந்தாள். புளி போட்டு விளக்கிய செம்பு, முகம் தெரிந்தது. "தாகமில்ல" என்றேன். அவள் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, என் பக்கத்தில் வைக்காமல் உள்ளே கொண்டுபோனாள்.

சேதியைச் சொன்னேன். அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டார். வயல் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"தம்பி, இந்த வாட்டி நீங்க ஏறிக்குங்க" என்றார். "ஒங்க வூட்டுலயும் சிரமம்னு கலியபெருமாள் சொன்னாரு. இங்க பாத்தீங்கல்ல, ஊரு இப்படிக் கெடக்கையில நான் மட்டும் காக்கி மாட்டிக்கிட்டுப் போனா நல்லாருக்காது. அடுத்த கூப்பாட்டுக்கு வர்றேன்."

மலர்கொடி உள்ளிருந்தே கத்தினாள். "ஆமா, பெரிய கர்ண மகாராசா! வூட்டுல ஒல கொதிக்குது, போட அரிசியக் காணும். இவுரு வேலையத் தூக்கித் தானம் பண்றாரு. தம்பி, அது கெடக்குது, நீங்க காதுல வாங்காதீங்க."

"சும்மா இரு புள்ள. அது சின்ன வயசு. நமக்கென்ன, நாத்து நட்டாவது பொழச்சுக்குவோம்."

அது என்றால் நான். பாசமாகத்தான் சொன்னார்.

நல்ல மனிதர், ஐயா. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர் விட்டுக்கொடுத்த இடத்தில் நான் ஏறினால், நான் கிழிக்கும் ஒவ்வொரு டிக்கெட்டும் அவர் கொடுத்தது. அடுத்த கூப்பாட்டுக்கு அவர் வந்து மறுபடி முன்னால் நிற்பார். டிப்போ முழுக்க, 'உத்திராபதி அண்ணன் பாவம் பாத்துக் குடுத்துச்சு' என்று பேசுவார்கள். எனக்குப் பிச்சை ஒத்துக்கொள்ளாது. யார் போட்டாலும்.

"விதின்னா விதி தோழர். நீங்கதான் வரணும்" என்று உறுதியாகச் சொன்னேன். நேர்மையாக நடந்துகொண்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் வயல் பக்கம் பெரிய கூச்சல் எழுந்தது. அவர் எழுந்தார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "நாளைக்குக் காக்கி போட வேண்டிய ஆளு. இன்னிக்கு வம்பு எதுக்கு?" அவர் உட்கார்ந்தார். பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர் தலையில் கருக்கரிவாள் விழுந்த நேரம் அதுதான் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரம் உத்திராபதியின் மணிக்கட்டு என் கையில் இருந்தது. இதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்க மாட்டான்.

சாயங்காலம் ரோட்டடி டீக்கடையில் பஸ்ஸுக்கு நின்றேன். போலீஸ் ஏட்டையா அங்கே உட்கார்ந்திருந்தார். என் பேச்சென்றால் அவருக்கு உயிர்.

"என்ன தொரராசு, எருமைக்கெல்லாம் இப்ப யாரு மனு எழுதுறா?" என்றார். அவர் முகம் வாடியிருந்தது. காரியக்காரரை வெட்டியவன் யார் என்று மேலிடத்திலிருந்து பேர் கேட்கிறார்கள், தெருவில் ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. "அந்தத் தெருவுல யாருய்யா பெரிய மனுசன்?"

"அவுரு இல்லாம அங்க அடுப்பே எரியாது ஏட்டையா."

"எவுரு?"

"உத்திராபதி. எங்க கண்டக்டர்தான். நாளைக்குக் காலையில மொத டிரிப்பு ஏறுறாரு. காக்கியில பாத்துட்டு அவசரப்பட்டு சல்யூட் அடிச்சுப்புடாதீங்க."

அவர் டீ சிந்தச் சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, என் வழக்கம் அது. நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, ஐயா. உத்திராபதி வெட்டினார் என்று நான் சொல்லவே இல்லை. ஏட்டையாவும் கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலை டிப்போ வாசலில் நான் நின்றேன். வழக்கப்படி நின்றுதானே ஆகவேண்டும். உத்திராபதி எனக்கு முன்பே வந்திருந்தார். காக்கிச் சட்டை பெட்டி போட்டது போல மடிப்புக் கலையாமல் இருந்தது. செம்பில் கங்கு போட்டு மலர்கொடிதான் தேய்த்துக் கொடுத்தாளாம். நெற்றியில் திருநீறு. கழுத்தில் விசில் கயிறு. "ஒங்களுக்கும் சீக்கிரம் வண்டி வந்துடும் தம்பி" என்றார்.

ஜீப் வந்தது. ஏட்டையா இறங்கினார். சல்யூட் அடிக்கவில்லை.

உத்திராபதி பதறவில்லை. "தம்பியக் கேளுங்கய்யா. அந்த நேரம் அவுங்க எங்கூடதான் இருந்தாங்க" என்றார். என்னைப் பார்த்து, "சொல்லுங்க தம்பி" என்றார்.

ஏட்டையா என்னைப் பார்த்தார். நான் டிப்போக் கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் டிரிப்புக்கு நேரமாகியிருந்தது.

அவ்வளவுதான், ஐயா. நீங்கள் எழுத வேண்டிய இடம் அதுதான். டீக்கடையில் சொன்னதை வேடிக்கைப் பேச்சு என்று தள்ளிவிடலாம். ஆனால் வாசலில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜீப் காலியாகத் திரும்பியிருக்கும்.

ஜீப்பில் ஏறும் முன் அவர் விசில் கயிற்றைக் கழற்றி என்னிடம் நீட்டினார். என் மௌனத்தை அவர் பயம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. "பயந்துக்காதீங்க. நான் பேசிட்டு வந்துடுறேன். வண்டிய நிறுத்தாதீங்க, நீங்க ஏறுங்க. வந்து வாங்கிக்கிறேன்."

நான் ஏறினேன். அந்த விசிலை ஊதவில்லை. கடைத்தெருவில் இறங்கிப் புதிது ஒன்று வாங்கினேன். ஒருத்தர் வாயில் வைத்ததை இன்னொருத்தர் வைப்பது சுகாதாரம் இல்லை. அதுவரை படியைத் தட்டியே வண்டியை ஓட்டினோம்.

அவர் திரும்பி வரவில்லை. ஸ்டேஷன் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள். வழுக்கி விழுந்தவருக்கு உள்ளங்காலில் எப்படிக் காயம் வரும் என்று மலர்கொடி கேட்டாளாம். அதைக் கேட்டுக்கொண்டுதான் இந்த ஆபீஸ் வரை வந்திருக்கிறாள்.

அடக்கம் செய்யக் கொண்டுபோன அன்று நான் அதே ரோட்டில் டிரிப்பில் இருந்தேன். வாய்க்கால் கரையில் பாடை முன்னால் போய்க்கொண்டிருந்தது, தாண்ட இடமில்லை. எங்கள் டிரைவர் இராஜாங்கம் ஆரன் அடிக்கவில்லை. வண்டி மாட்டு நடையில் பின்னாலேயே போயிற்று. அறுத்துப்போட்ட நெல்தாள் இருபக்கமும் மஞ்சளாகக் கிடந்தது. பறை நின்ற இடத்திலெல்லாம் வண்டியும் நின்றது.  ஒரு பெரியவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "யாரு?" என்று கேட்டார்.

"எங்க டிப்போ ஆளு" என்றார் இராஜாங்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டு தோளால் என்னைக் காட்டினார். "இவுருக்கு முந்தின ஆளு."

நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். பையில் அவருடைய விசில் இருந்தது. ஏனோ அன்றைக்கு டிக்கெட் கிழிக்கக் கை வரவில்லை. உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் சில நாள் அந்த வாய்க்கால் கரை வந்தால் அப்படி ஆகிறது. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார்.

சங்கத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். நான்தான் பேசினேன். எதுகை மோனையெல்லாம் தானாக வந்து விழுந்தது. முன்வரிசையில் மலர்கொடி முந்தானையை வாயில் வைத்து அழுதாள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "தம்பி, பொண்டாட்டி சாட்சி எடுபடாதுங்கிறாங்க. அன்னிக்கு நீங்கதான வூட்டுல இருந்தீங்க. வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா நாலு பேரு நம்புவாங்க" என்றாள். வாசலில் அவர் என்னைச் சொல்லச் சொன்னதும் நான் கடிகாரம் பார்த்ததும் அவளுக்குத் தெரியாது. பார்த்தவர்களும் சொல்லவில்லை. சின்னப் பையன், போலீசுக்குப் பயந்துவிட்டான் என்று அவர்களும் நினைக்கிறார்கள்.

அவளுக்காகத்தான் வந்தேன். உத்திராபதி கலவரத்தில் இல்லை, காரியக்காரரைத் தொடவில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பிடித்துக் கொடுத்தது நான். தெரிந்தே கொடுத்தேன். கேசில் சிக்கினால் இடம் போகும், அதற்கு மேல் ஆகாது என்று நினைத்தேன். இப்போது வரிசையில் எனக்கு முன்னால் யாரும் இல்லை.

ஒன்றை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள். இதற்குக் காரணம் சாதி என்று சிலர் சொல்லக் கூடும். என் அப்பா அப்படி நினைத்திருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது ஓர் ஒப்பந்தம்தான். கோப்பை இன்னும் வீட்டில் இருக்கிறது, வேண்டுமானால் கொண்டுவந்து காட்டுகிறேன்.

உள்ளே வருவதற்கு முன் மலர்கொடி இங்கே குழாயில் தண்ணீர் பிடித்து வந்தாள். வீட்டிலிருந்து எடுத்து வந்த அதே செம்பு. "குடிச்சிட்டுப் போங்க தம்பி. தொண்ட காஞ்சா பேச்சு வராது" என்றாள். தாகமில்லை என்றேன். அதை வைத்துக்கொண்டுதான் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், ஐயா? அதற்கு முன், உங்கள் மேசையில் மூடி வைத்திருக்கிற டம்ளரை நான் எடுத்துக்கொள்ளலாமா? காலையிலிருந்து தொண்டை வறண்டு கிடக்கிறது.