அரக்குத் தொப்பி

ஐயா, ரெட் ஆக்சைடு கையில் பட்டால் சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய் வேண்டும். கப்பலில் துரு சுரண்டி அந்தப் பெயிண்டை அடித்தே இந்தத் தாமோதரனின் வயது போனது. அறிவொளி வகுப்பில் உட்கார்ந்தது தலை நரைத்த பிறகு. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் பாரி பட்டாளத்தில் இருந்தான். கார்கில் சண்டைக்கு மறு வருடம், பாராசூட் படைக்குப் பேர் கொடுத்திருக்கிறேன் என்று எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்தான். பேர் கொடுத்தாலே சேர்த்தாயிற்று என்று நினைத்தேன். எங்கள் வேலையில் காலையில் பேர் கொடுத்தவன் மத்தியானம் கப்பல் பக்கவாட்டில் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடிப்பான். எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் ஆகாயத்திலிருந்து இறங்கிய படை அது. அவர்கள் தொப்பியை டிவியில் பார்த்திருக்கிறேன். அரக்கு நிறம், அசல் ரெட் ஆக்சைடு. எர்ணாவூரில் எங்கள் வீட்டுச் சுவரில் அந்தப் பெயிண்டாலேயே தொப்பி வரைந்து, 'பாராசூட் வீரர் பாரி இல்லம்' என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் டீக்கடையில் என்னை 'மிலிட்டரி நைனா' என்று கூப்பிட்டு, பெஞ்சில் இடம் விட்டார்கள்.

லீவில் வந்த பாரி சுவரைப் பார்த்துவிட்டுச் சோறு தின்னவில்லை. தொப்பியைச் சும்மா தரமாட்டார்களாம். விமானத்திலிருந்து குதித்துத் தேறினால்தான் தொப்பியும், வலது மார்பில் குத்துகிற இறக்கைச் சின்னமும். இவன் விமானக் கதவு வரைக்கும் போய் நின்றுவிட்டான். பழைய படைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அழிச்சிடு நைனா. குதிச்சி செத்தவனுங்க தொப்பி அது. நம்ம செவுத்துல கீறது எனக்கு அசிங்கம்."

"தெருவுல இன்னான்னு சொல்றது?"

"பயந்துட்டான்னு சொல்லு. மெய்தானே? நானே சொல்லிக்கிறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவன் அம்மா ரமாபாயும் சிரித்தாள். தொப்பி ஆசை பிடித்தது உங்கப்பனுக்குத்தான், ஒன்று வாங்கி மாட்டிவிடு என்றாள். ஞாயிற்றுக்கிழமை அழித்துவிடலாம் என்று முடிவானது.

ஞாயிறு காலையில், மூடிக்கிடக்கிற ஆலையின் தண்ணீர் டேங்குக்கு அவனைக் கூட்டிப்போனேன். உயரம் பழகினால் பயம் போய்விடும், திரும்பக் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். எனக்காக ஏறினான். மேலே போனதும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"போதும் நைனா, எறங்கிடலாம்."

முதுகில் கை வைத்தேன். தாங்குகிறேன் என்று நினைத்துக் கம்பியை விட்டான். தள்ளினேன்.

கீழே வந்து இறக்கைச் சின்னத்தை அவன் சட்டையில் குத்தினேன், வலது பக்கம். குதித்துப் பழகும்போது போய்விட்டான் என்றேன். தெருவே மாலை போட்டது. அந்தச் சின்னத்தைப் பட்டாளச் சாமான் கடையில் வாங்கி, சனிக்கிழமையே என் பையில் வைத்திருந்ததை ரமாபாய் பார்த்திருக்கிறாள். அவள் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை.

ஆனால் ஒன்று ஐயா. விமானக் கதவில் நின்றவனை அங்கேயே எவனாவது ஒரு தள்ளு தள்ளியிருந்தால், நான் டேங்க் ஏறியிருக்க வேண்டாம். அதைப் பட்டாளத்துக்காரர்களிடம் யாரும் கேட்கவில்லை.