சீக்கிரம் மங்கற எழுத்தாப் பாத்து

ஏனுங்க, பச்சை குத்திக்கற கை என்னுது, வலி என்னுது, எழுத்து மட்டும் உங்க இஷ்டமுங்களா? இதென்னங்க நாயம்! வந்ததுலருந்து படிச்சுப் படிச்சுச் சொல்றேன், பொடி எழுத்தா நெருக்கிப் போடுங்க, சுழி சுழியா இழுத்துடுங்கன்னு. நீங்க என்னடான்னா அந்தச் சாம்பிள் அட்டையில கடைசியா இருக்கற மொட்டை எழுத்தையே தொட்டுத் தொட்டுக் காட்டறீங்க...

அதோ, அந்தக் கல்யாணப் பத்திரிகை எழுத்து இருக்குது பாருங்க, வாலு, கொண்டை, கொடியெல்லாம் வெச்சு... அதக் குத்துங்க.

என்னங்க? அது தோல்ல நிக்காதுங்களா? மை ஊறி, சுழியெல்லாம் அடைச்சு, நாலஞ்சு வருசத்துல படிக்கவே முடியாமப் போயிருமா? அட, அதத்தானுங்க நானும் கேக்கறேன்! அடுத்த எலெக்சனுக்குள்ள அடைச்சுப் போகோணும். அந்த மாதிரி எழுத்து எதுன்னு சொல்லுங்க.

சிரிக்காதீங்க மாசாணம். மாசாணந்தானுங்களே? போர்டுல அப்பிடித்தான் போட்டிருக்குது. இத்தன சந்தையில மிசினு வெச்சுப் பச்சை குத்தறீங்க, என்னையாட்டம் ஒரு ஆளப் பாத்திருக்க மாட்டீங்க. எல்லாரும் அழியாத எழுத்து கேப்பாங்க. அவங்களுக்கென்னுங்க, காதலிச்சவ பேரு, ஆத்தா பேரு, சாமி பேரு... அதெல்லாம் கட்சி மாறுமுங்களா?

இந்த இடது கையப் பாருங்க. இது என்னன்னு சொல்லுங்க பாக்கலாம். ...பாகற்கொடியா? ம்ஹும். நல்லாப் பாருங்க. ...பூரானுமில்லீங்க. வரதராஜுலு! ஆமாங்க, எங்க ஒன்றியத்துல அப்ப அவரு வெச்சதுதான் சட்டம். கோயில் தேர்நோம்பியில இதக் குத்துனப்ப அவரே பக்கத்துல நின்னு, நான் துள்ளாம கையப் புடிச்சுக்கிட்டாரு. ‘செங்கோட்டையா, இனி நீதாண்டா என்ற கையி’ன்னாரு.

கையாம் கையி! அவரு பையன் கல்யாணத்துல என்னையக் கொண்டுபோயி ரெண்டாம் பந்தியில உக்கார வெச்சுப்போட்டாருங்க. அதுவும் எங்க? கை கழுவற எடத்துக்குப் பக்கத்துல. வாரவன் போறவனெல்லாம் ஈரக்கைய என்ற முதுகு மேல ஒதறிப்போட்டுப் போறான். நேத்துக் கட்சிக்கு வந்தவனெல்லாம் மொதப் பந்தியிலயே அப்பளம் நொறுக்கிப்போட்டு வந்து ஏப்பம் உடறான். எனக்கு மானம் மரியாத இல்லீங்களா? எலையை மூடிப்போட்டு நேரா எதிர்க்கட்சி நரசிம்மலு ஊட்டுக்குப் போயிட்டேன்.

அங்க போனா அந்த மனுசன் என்ற கையவே பாக்கறாரு. ‘இதென்ன எழுத்து?’ங்கறாரு. மாட்டிக்கிட்டேன்னு நெனச்சேன். அப்பறம் குனிஞ்சு பாக்கறேன், எனக்கே படிக்க முடியலீங்க! பொடி எழுத்து, சுழி பூராவும் அடைச்சுக்கிட்டுப் பச்சைப் பசேல்னு கெடக்குது. ‘மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டுக் குத்துன கொடிங்க’ன்னேன். கும்புட்டுப்போட்டாருங்க! என்ற கையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு!

இப்பப் புரியுதுங்களா, மங்கற எழுத்தோட அருமை?

அட மிசினப் போட்டுட்டீங்களா... இருங்க, இருங்க, இருங்க! நான் அந்தப்பக்கம் திரும்பிக்கறேன். ரத்தத்தப் பாத்தா எனக்கு ஆகாதுங்க. கோழிப்பண்ணை வெச்சிருக்கறேன், இன்ன வரைக்கும் ஒரு கோழி அறுத்ததில்ல. ஸ்ஸ்ஸ்... மொழங்கை மடிப்புலதானுங்களே குத்தறீங்க? அங்கதான் தோலு சுருங்கிச் சுருங்கி வெசையா மங்குமாமுங்க. ...ம்ம்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன். ஆ... அம்மா!

பேசுனாத்தான் வலி தெரியாது. எதுல விட்டேன்... ஆங், எலெக்சன். பத்து வருசங் கழிச்சு இப்பத்தானுங்க உள்ளாட்சித் தேர்தல் வைக்கறாங்க. வார்டு மெம்பரு சீட்டு. எனக்கு இது இல்லீன்னா இனி எப்பவும் இல்லீங்க. கொடி கட்டியாச்சு, செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சு, கருமாதி பாக்கியில்லாமப் போயித் துண்டு போட்டாச்சு. இன்னைக்குப் பொழுதுசாயக் கல்யாண மண்டபத்துல நரசிம்மலு வேட்பாளருங்க பேரு வாசிக்கறாரு. நடுவால, எனக்குப் போட்டியாச் சீட்டுக் கேக்கற ராசப்பன் பண்ணுன வேலை தெரியுங்களா? நெஞ்சுல ‘நரசிம்மலு’ன்னு குத்திக்கிட்டு, எங்க பாத்தாலும் சட்டையக் கழட்டறானுங்க! எழவு ஊட்டுலயும் கழட்டறான்! அவனுக்குச் சீட்டுப் போயிருமோன்னு எனக்குச் சோறே எறங்கறதில்ல. அதுதான் நானும் வலது கையில அவரு பேரக் குத்திக்கலாமுன்னு ஓடியாந்தேன்.

ஆனா நாளைக்கே நரசிம்மலுவும் என்னையக் கை கழுவற எடத்துல உக்கார வெச்சா? மனுசன் நாலையும் யோசிக்கோணுமில்லீங்க?

என்ற ஊட்டுக்காரி முத்தாத்தா இருக்கறாளே, அவளுக்கு எகத்தாளத்தப் பாருங்க. ‘ஏனுங்க, சட்டையாட்டம் ஆளு மாத்தறவருக்குத் தோலு எதுக்கு? சட்டையிலயே எழுதிக்கிட்டா வெளுத்துக் குடுத்துருவேன்ல?’ங்கறா! அவ தாயூட்டுலருந்து கொண்டாந்த ஏனத்துல எல்லாம் பேரு வெட்டியிருக்குமுங்க. மொட்டை எழுத்து, நல்லா எடம் விட்டு எடம் விட்டு. எத்தன வருசம் சாம்பல் போட்டுத் தேச்சும் அழியல. சண்டை வந்தாப் போதும், சொம்பத் தூக்கி மூஞ்சிக்கு நேரா நீட்டி ‘படிங்க, இது ஆரூட்டுச் சொம்பு?’ங்கறா. தெளிவா எழுதுனா இப்பிடித்தானுங்க வம்பு. அதுக்குத்தான் சொல்றேன், சுழிய நல்லா நெருக்கி...

முடிஞ்சுதுங்களா? அதுக்குள்ளயா? ஆனாலும் கை லேசுங்க உங்களுக்கு. இருங்க பாக்கறேன்...

அட கெரகமே!

என்னங்க இது! பல்லடம் பஸ்ஸு போர்டாட்டம் எழுதி வெச்சிருக்கறீங்க! ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவால ஒரு ஆள் படுக்கலாம்! மடிப்புல கேட்டா மொழங்கைக்குக் கீழ, தோலு சுருங்காத எடமாப் பாத்து... என்னங்கறீங்க? மங்கற எழுத்து எழுதத் தெரியாதா? உங்க கை அதுக்கு வளையாதா? நல்லா இருக்குதுங்க நாயம்! இது நான் சுடுகாடு போனாலும் மங்காது போல இருக்குதே!

...சரி. சரி, வுடுங்க. ஒருவகையில இதுவும் நல்லதுக்குத்தான். மேடையில இருந்தே நரசிம்மலு படிச்சுப்போடுவாரு. ராசப்பன் நெஞ்சுல இருக்கறது இதுல பாதிகூட இருக்காது. கைய ஒசத்துனாப் போதும், சீட்டு எனக்குத்தான்!

சித்த இருங்க... அந்த ஆட்டோ மைக்குல என்னமோ சொல்றாங்க. நம்ம கட்சிக் கொடிதான்...

...

கேட்டீங்களா? என்ற காதுல உழுந்தது உங்க காதுலயும் உழுந்துதுங்களா? நரசிம்மலு போயி வரதராஜுலுகூடவே சேந்துட்டாராமுங்க! காலையில மாலை மாத்திக்கிட்டாங்களாம்! ‘சாயங்காலம் வேட்பாளர் பட்டியலை அண்ணன் வரதராஜுலு வாசிப்பார்’ங்கறான்... வரதராஜுலுங்க! நான் எலைய மூடிப்போட்டு வந்த வரதராஜுலு!

அவரு மொதல்ல எதப் பாப்பாரு? என்ற இடது கையத்தானுங்க பாப்பாரு! அவரே புடிச்சுக் குத்த வெச்ச கையி! அதுல பாகற்கொடி ஓடுது. இந்த வலது கையில இன்னொருத்தரு பேரு பஸ்ஸு போர்டாட்டம் மின்னுது. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?

மாசாணம், அப்பனே, இந்த இடது கையில அதே மொட்டை எழுத்துல, நல்லா எடம் விட்டு வரதராஜுலுன்னு ஒருக்கா மேலயே... முடியாதா? பழைய மை மேல புது மை போட்டா வெறும் மைத் திட்டாத்தான் தெரியுமா? அப்ப இந்தப் புதுசையாச்சும் காயறதுக்குள்ள தேச்சு மங்க... அதுவும் முடியாதா?

ஏனுங்க, பெட்டிய எதுக்கு மூடறீங்க? பேசிக்கிட்டு இருக்கையில எந்திரிச்சா எப்பிடிங்க! ஏனுங்க... அட ஏனுங்க! நில்லுங்க, திட்டலீங்க, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிப்போட்டுப் போங்க...

இந்தச் சந்தையில முழுக்கைச் சட்டை எந்தப்பக்கமுங்க விக்குது?