கும்பிட்டு நிமிர்வதற்குள்

முக்கூடல் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவன் புதுச்சட்டை போட்டிருந்தான். அவன் இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. மற்றவன் கூட்டாளி.

“குனிஞ்சு கும்பிட்டு நிமிருததுக்குள்ள குத்திட்டாம்லே.”

“சண்டையில என்னலே கும்பிடு?”

“கராத்தேயில கும்பிட்டுத்தான் தொடங்கணும்.”

“பாக்சிங் படிச்சவனுக்கு அது தெரியுமா? அவன் மூஞ்சியத்தான் பாக்கான்.”

“நான் காலத் தூக்கியிருந்தா அவன் காலி.”

“தூக்க வேண்டியதுதான? பொண்ணு பாக்கப் போற மூஞ்சியாலே இது?”

பூக்கூடையோடு பக்கத்துச் சீட்டில் இருந்த புதுச்சட்டைக்காரனின் அம்மா திரும்பினாள். “மாடு முட்டிட்டுன்னு சொல்லிக்கிடுதேன். ரெண்டு பேரும் வாயத் திறக்கப்படாது.”

“கராத்தே படிச்சவன மாடு முட்டுச்சுன்னா கேவலம்லாம்மா?”

“அப்ப மனுசன் அடிச்சான்னு சொல்லட்டுமா?”

அவன் புதுச்சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“மாடே இருக்கட்டும்” என்றான்.